படம் அவர்களுடையது

மளிகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் வெறுங்கையோடு போகலாம். பிரேம் கடைக்கு அப்படி யாரும் வருவதில்லை. கல்யாணப் போட்டோ, பட்டச் சான்றிதழ், திருப்பதியில் வாங்கிய பெருமாள் படம், பேத்தி வரைந்த மயில், வெகுகாலம் டிரங்குப் பெட்டியில் கிடந்த தாத்தாவின் ஒரே போட்டோ என்று கையில் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டுதான் படியேறுகிறார்கள். அதை நம்மிடம் கொடுத்துவிட்டு, ஒரு ரசீதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பீடிங் எனும் சட்டப் பட்டையும் கண்ணாடியும் நம் சரக்கு. நடுவில் இருப்பது அவர்களுடையது. இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது எல்லாமே இதிலிருந்து வந்ததுதான். கடை பிடிப்பதையும் எந்திரம் வாங்குவதையும் முன்பே பார்த்துவிட்டோம். ஷட்டரைத் தூக்கிய பிறகு தினமும் எடுக்க வேண்டிய முடிவுகளைப் பற்றியது இந்த அத்தியாயம்.

கையில் வாங்கும்போது

படத்தை வாங்கியதும் ஓரமாக வைத்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் எதிரிலேயே மேசையில் விரித்து இரண்டு பேருமாகப் பாருங்கள். மடிப்பு, கிழிசல், நீர்க்கறை, பூஞ்சை எது இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லி ரசீதில் எழுதுங்கள். "இடது மேல் மூலையில் மடிப்பு" என்று நாலு வார்த்தை எழுதினால் போதும். டெலிவரி நாளில் வரக்கூடிய வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும். கைபேசியில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்தை மறக்கவே கூடாது. பழைய போட்டோக்களின் முதுகில் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும், யாரோ மையால் எழுதிவைத்த பெயரும் உறவுமுறையும் இருக்கும். அட்டை வைத்து மூடிவிட்டால் அது யார் கண்ணிலும் படாது. வீட்டுப் பெரியவர்கள் போன பிறகு போட்டோவில் இருப்பது யார் என்று சொல்ல ஆள் இருக்காது. அந்த எழுத்தை அப்படியே ஒரு சீட்டில் எழுதி பிரேமின் முதுகில் ஒட்டிக் கொடுங்கள். நான் இதற்குக் காசு வாங்குவதில்லை.

ரசீதில் பெயர், போன் எண், அளவு, பீடிங் நம்பர், கண்ணாடி வகை, மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் ஜன்னல் வெட்டிய அட்டை) உண்டா இல்லையா, கொடுக்கும் நாள், முன்பணம் எல்லாம் இருக்க வேண்டும். ரசீது எண்ணைப் படத்தில் எழுதாதீர்கள், பென்சிலால்கூட வேண்டாம். கவரின் மேல் எழுதி, படத்தை அதற்குள் படுக்கை வசத்தில் வையுங்கள்.

இன்னொன்று. நாம் படத்தை எங்கே வைக்கிறோம் என்பதை வாடிக்கையாளர் கவனித்துக்கொண்டே இருப்பார். முருகன் படமோ, வேளாங்கண்ணி மாதா படமோ, காபா படமோ, எதையும் காலடியில் சுவரோரம் சாய்த்து வைக்கக் கூடாது. இடம் குறைவான கடையாக இருந்தாலும் இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு அடித்துவிடுங்கள்.

ஒட்டலாமா, கூடாதா

நம் ஊர்க் கடைகளில் பரவலாக நடக்கும் முறை இது: ஹார்ட்போர்டில் பெவிகால் தடவி, போட்டோவை அதன்மேல் வைத்துத் துணியால் தேய்த்து, கண்ணாடியை நேராக அதன்மேல் அழுத்தி, பின்னால் சின்ன ஆணி அடித்து முடித்துவிடுவது. வேலை சீக்கிரம் முடியும், படமும் அலை இல்லாமல் நிற்கும். ஸ்டூடியோவில் நேற்று பிரிண்ட் போட்டு வந்த கல்யாணப் படம் என்றால் இதில் பெரிய தப்பு இல்லை. கெட்டுப்போனால் பைலிலிருந்து இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒற்றைப் பிரதிக்கு இது கூடவே கூடாது. அதனால் எந்தப் படம் வந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, "இது போனால் இன்னொன்று கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்காது என்று பதில் வந்தால் பசை டப்பாவை எடுக்கக் கூடாது. அந்தப் படத்தில் நாம் செய்யும் எதையும் நாளை இன்னொருவர் பிரிக்க முடிய வேண்டும். ஹார்ட்போர்டோடு ஒட்டிய போட்டோவை யாராலும் நலமாகப் பிரிக்க முடியாது. போர்டு மழைக்கு வளைந்தால் படமும் சேர்ந்து வளையும்.

வேறு வழி கடினமானது அல்ல. தாளை மடித்து நாலு சின்ன முக்கோணப் பைகள் செய்து, அவற்றை மட்டும் பின் அட்டையில் ஒட்டி, போட்டோவின் மூலைகளை அவற்றுக்குள் செருகிவிடலாம். ஓவியம் என்றால் மெல்லிய தாளில் இரண்டு கீல் செய்து, ஸ்டார்ச் பசையால் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிடலாம். நாலு பக்கமும் ஒட்டிவிட்டால் ஈரக்காற்றில் தாள் விரியும்போது போக இடமில்லாமல் நடுவில் புடைத்துக்கொள்ளும். செலோடேப் வேண்டாம். அதன் பசை காலப்போக்கில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு டேப் உதிர்ந்தாலும் கறை போகாது.

பின்னால் வைக்கும் அட்டையும் படத்தைக் கெடுக்கும். செய்தித்தாளும் மலிவான சாம்பல் அட்டையும் அமிலம் உள்ளவை. செய்தித்தாளை வெயிலில் போட்டால் பழுப்பாவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே காரியம் பிரேமுக்குள் மெதுவாக நடக்கிறது. பழைய மவுண்ட்டைத் தூக்கிப் பார்த்தால் ஜன்னல் விளிம்பை ஒட்டிப் படத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடியிருக்கும். அமிலமில்லாத மவுண்ட் போர்டு விலை கூடுதல்தான். எல்லாவற்றுக்கும் அதைப் போட வேண்டியதில்லை. ஒற்றைப் பிரதிகளுக்கும் அசல் ஓவியங்களுக்கும் கட்டாயம் போடுங்கள். விலை வித்தியாசத்தையும் காரணத்தையும் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். காரணம் புரிந்தால் பெரும்பாலோர் கொடுத்துவிடுகிறார்கள்.

கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோவின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் ஏறினால் அது இளகிக் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள சாதாரண மவுண்ட்டே இரண்டுக்கும் நடுவில் இடைவெளி கொடுத்துவிடும். மவுண்ட் வேண்டாம் என்பவர்களுக்குப் பீடிங்கின் உள்விளிம்புப் பள்ளமான காடிக்குள் கண்ணாடிக்கு அடியில் மெல்லிய பட்டை ஒன்றை ஓட்டிவிடுங்கள். ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட போட்டோவோடு யாராவது வந்தால் உரித்துப் பார்க்காதீர்கள், முகமே கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடியோடு ஸ்கேன் எடுத்து, அதிலிருந்து பிரதி போட்டுக் கொடுங்கள். அசலைக் கண்ணாடியோடு பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள்.

பழைய பிரேமைப் பிரிக்கும்போது

செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளிலிருந்தோ அக்ரகாரங்களிலிருந்தோ பழைய சாமி படங்கள் வரும். கரையானரித்த பலகை, துருவேறிய ஆணி, மங்கிய கண்ணாடி என்று இருக்கும். "பிரேம் போகட்டும், புதுசா ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்பார்கள். அவசரப்படாதீர்கள். ராஜா ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகுதான் லட்சுமியும் சரஸ்வதியும் வண்ண அச்சுப் படங்களாக நாடெங்கும் பூஜை அறைகளுக்குள் வந்தார்கள். பிறகு சிவகாசி அச்சகங்களும், கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தமிழ்நாட்டு வீடுகளின் சாமி முகங்களைத் தீர்மானித்தார்கள். நம் தொழில் வீதிக்கு வீதி பரவியதற்கு இந்த அச்சுப் படங்கள் ஒரு பெரிய காரணம். அவற்றில் ஒன்று நம் மேசைக்குத் திரும்பி வரும்போது அதற்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும்.

அடி ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயரோ ஓவியரின் கையெழுத்தோ இருக்கும். அளவுக்குப் பொருந்தவில்லை என்று அந்த ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். படம் எந்தக் காலத்தது என்று சொல்ல இருக்கும் ஒரே சாட்சி அது. பிரேமைத்தான் படத்துக்கு ஏற்றபடி செய்ய வேண்டும். பழைய படம் எதையும் நுனி அளவுகூட வெட்டாதீர்கள். பழைய தேக்குச் சட்டம் உறுதியாக இருந்தால் அதையே சுத்தம் செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். நமக்குப் பீடிங் விற்பனை போகும். ஆனால் அந்த மாதிரிக் காய்ந்த மரம் இன்று கிடைப்பது அரிது, அதை வீசச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தஞ்சாவூர் ஓவியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடியையும் பசையையும் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்கத்தாள் ஒட்டிச் செய்வது அது. மேசையில் கவிழ்த்து வைக்கவே கூடாது. ஈரத்துணி படக்கூடாது, மென்மையான உலர்ந்த பிரஷ் போதும். மேடும் கல்லும் கண்ணாடியில் இடிக்காதபடி உள்ளே ஒரு மரப்பட்டை ஓட்டி, இடைவெளி விட்டுத்தான் கண்ணாடி ஏற்ற வேண்டும். பலகையும் சேர்ந்து கனமாக இருப்பதால் ஆழமான காடியுள்ள மரச்சட்டம் தேவை. ஃபைபர் பீடிங்கில் அழகாகத் தெரிந்தாலும் போடாதீர்கள், மூலை தாங்காது.

படத்திறப்பு

ஒரு வீட்டில் துக்கம் நடந்தால் அடுத்த சில நாட்களுக்குள் பிரேம் கடைக்கு ஒருவர் வருவார். காரியத்துக்கு முன் படம் வேண்டும். பல வீடுகளில் படத்திறப்புக்குப் பத்திரிகையே அடித்திருப்பார்கள். வருகிறவர் தூங்கியிருக்க மாட்டார். கையில் ஒரு குரூப் போட்டோவோ ஆதார் அட்டையின் நகலோ இருக்கும்.

"அண்ணே, அப்பா படம். நாளைக்குக் காலையில வேணும்."

"சரிம்மா, செஞ்சிடலாம். உட்காருங்க. இதைவிடத் தெளிவா போன்ல ஏதாவது இருக்கா? தம்பி, தங்கச்சிகிட்ட கேட்டுப் பாருங்க, கல்யாணத்துல எடுத்தது இருக்கும்."

ஆதார் படத்தைப் பெரிதாக்கினால் முகம் கலங்கித்தான் வரும். அந்த நேரத்தில் அது அவர்களுக்குத் தோன்றாது. நாம்தான் பொறுமையாக நல்ல படத்தைத் தேடி எடுக்கச் சொல்ல வேண்டும். பெயர், இனிஷியல், தோற்றம், மறைவு ஆகிய நான்கையும் அவர்கள் கையாலேயே தாளில் எழுதி வாங்குங்கள். பிரிண்ட் போடும் முன் திரையில் காட்டி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஊரே கூடியிருக்கும் இடத்தில் திரையை விலக்கும்போது தேதி தப்பாக இருந்தால் அந்தக் குடும்பத்தால் அதை மறக்க முடியாது.

அவசரம் என்பதற்காக இந்த வேலைக்குக் கூடுதல் விலை கேட்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. இருக்கும் பீடிங்கில் அளவெடுத்த மாதிரி அடக்கமான ஒன்றை நாமே எடுத்துக் காட்டி, ஒரே விலையைச் சொல்லி முடித்துவிடுங்கள். பேரம் பேசும் மனநிலையில் அவர்கள் இல்லை. சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே படம் தயாராக இருக்க வேண்டும். 12×18, 16×20 ஆகிய அளவுகளுக்குக் கண்ணாடியும் பின் அட்டையும் எப்போதும் இரண்டிரண்டு வெட்டி வைத்திருந்தால் இரவு ஏழு மணிக்கு வந்தவருக்கும் செய்து கொடுக்கலாம்.

அந்தப் படத்துக்கு மாலை போடுவார்கள், கண்ணாடிமேல் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பார்கள். சாமி படங்களுக்கும் அப்படித்தான். சந்தனத் தண்ணீர் வழிந்து கீழ் விளிம்பில் தேங்கி, கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவே உள்ளே இறங்கும். அடியிலிருந்து படம் ஊறிக் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கண்ணாடி, மவுண்ட், படம், பின் அட்டை எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, நாலு விளிம்பையும் மெல்லிய டேப்பால் சுற்றி மூடிய பிறகு பிரேமுக்குள் இறக்குங்கள். டேப் கண்ணாடியின் முன்பக்கம் காடி மறைக்கும் அளவுக்குள்ளேயே இருக்க வேண்டும். சில நிமிட வேலை இது. தண்ணீரும் இறங்காது, வெள்ளிப் பூச்சியும் நுழையாது.

மூலை

வாடிக்கையாளருக்குப் பீடிங்கின் தரம் தெரியாமல் போகலாம். மூலையில் இடைவெளி இருந்தால் எல்லோருக்கும் தெரியும். ஒரு பிரேமுக்கு எட்டு வெட்டு, எட்டும் 45 டிகிரி. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி தவறினால், மூன்று மூலை அழகாகச் சேர்ந்துவிட்டு நாலாவது மூலையில் 4 டிகிரிக்கு வாய் பிளந்து நிற்கும். புதுப் பையன்கள் அந்த நாலாவது மூலையை அழுத்திச் சேர்க்கப் பார்ப்பார்கள். பிழை எட்டு இடத்தில் இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். காலையில் வேலை தொடங்கும் முன் இரண்டு துண்டுகளை வெட்டி மூலைமட்டத்தில் வைத்துப் பாருங்கள். கோணம் சரியாக இருந்தும் வாய் பிளந்தால் எதிரெதிர்ப் பக்கங்களின் நீளம் ஒன்றாக இல்லை என்று அர்த்தம்.

மரத்தில் பெவிகால் நன்றாகப் பிடிக்கும், ஆணியும் நிற்கும். ஃபைபர் பீடிங் பாலிஸ்டைரீன். அதில் மரப்பசை நிற்காது, அதற்கேற்ற பசையும் வி ஆணியும் வேண்டும். கரையான் அரிக்காது என்பது ஃபைபருக்குப் பெரிய பலம். விளக்குச் சூட்டில் இளகும் என்பது பலவீனம். பூஜை அறையில் விளக்குக்கு நேர் மேலே மாட்டப்போகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காயாத மரம் கோடையில் சுருங்கி, நாம் ஒட்டிய மூலையைத் திறந்துவிடும். அதனால் தேக்குப் பட்டை வாங்கி வந்தால் கடையில் சில வாரம் அடுக்கி வைத்துவிட்டு வெட்டுங்கள்.

கண்ணாடி வெட்டும்போது கட்டரை ஒரே இழுப்பில், ஒரே அழுத்தத்தில் கொண்டுபோக வேண்டும். சரியாகப் போனால் தொடர்ச்சியாகச் சன்னமான ஒரு சத்தம் கேட்கும். விட்டுவிட்டுக் கேட்டால் கோடு விடுபட்டிருக்கிறது. அதற்காக அதே கோட்டின்மேல் மறுபடி இழுக்காதீர்கள், கண்ணாடி கோணலாக உடையும், கட்டர் சக்கரமும் மழுங்கும். கோடு விழுந்ததும் உடைத்துவிடுங்கள்.

கணக்கு

புதிதாகக் கடை போட்டவர்கள் பணம் இழக்கும் இடம் பீடிங் கணக்குதான். 12×18 போட்டோவுக்குச் சுற்றளவு 60 அங்குலம், அதாவது 5 அடி. அடி 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 300 ரூபாய் என்று விலை சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பீடிங்கை வெளிப்பக்க அளவுக்கு வெட்டுகிறோம். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு முனைகள் பீடிங்கின் அகலத்தளவு நீள்கின்றன. நாலு மூலைக்கு அகலத்தைப்போல 8 மடங்கு. 2 அங்குலப் பீடிங் என்றால் கூடுதலாக 16 அங்குலம். மொத்தம் 76 அங்குலம், 380 ரூபாய். அந்த 80 ரூபாயை விட்டவர்கள் அகலப் பீடிங் அதிகம் விற்ற மாதத்தில்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

அதோடு முடியவில்லை. பீடிங் பட்டை ஒன்பதரை அடி நீளம் என்றால் 114 அங்குலம். 76 போக மிச்சம் 38. அதில் 4×6 பிரேம் ஒன்று வரும், 36 அங்குலம் போதும். இப்படி மிஞ்சும் துண்டுகளை மூலையில் குவிக்காமல் ஓய்வு நேரத்தில் சின்னப் பிரேம்களாக்கிச் சாமி படம் போட்டு வைத்தால், ஆயுத பூஜை நேரத்திலும் கிரகப்பிரவேச மாதங்களிலும் விற்றுவிடும். விலை போடும்போது துண்டுக் கழிவையும், உடையும் கண்ணாடியையும், உங்கள் கூலியையும் சேர்த்துத்தான் அடிக்கு ஒரு விலை வைக்க வேண்டும். உங்கள் கூலியை மறக்காதீர்கள். வாடகையும் பொருளும் போக மிஞ்சுவதே நம் கூலி என்று நினைத்தவர்கள் ஆடியிலும் மார்கழியிலும் திணறுகிறார்கள்.

பீடிங் டிசைன்களை அள்ளி வாங்காதீர்கள். சென்னையில் பாரிமுனையை ஒட்டிய தேவராஜ முதலி தெருவுக்குப் போனால் எல்லாமே வாங்க வேண்டும் போலத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் சில டிசைன்கள் வரத்து நின்றுவிடும். உங்களிடம் அரைப் பட்டையாக நிற்கும். எப்போதும் கிடைக்கும் சில டிசைன்களை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். சுவர் முழுக்க மாதிரி மாட்டியிருந்தாலும் வாடிக்கையாளரின் படத்தின் மூலையில் மூன்றை மட்டும் வைத்துக் காட்டுங்கள். நாலாவதைக் கேட்டால் கொடுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் ரெடிமேட் பிரேமோடு விலையில் போட்டி போட முடியாது. ஏ4 சான்றிதழுக்குப் பிரேம் கேட்டு வருபவரிடம் ரெடிமேட் போதும் என்று நான் சொல்லிவிடுவேன். அளவு கோணலான படம், பழைய படம், கனமான படம் ஆகியவற்றுக்கு அவர் திரும்பி வருவார்.

கொடுத்து அனுப்பும்போது

கனத்தைச் சொல்லி அனுப்புங்கள். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 3 அடிக்கு 4 அடி, 4 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 11 கிலோ வரும். அதை ஒற்றை ஆணியில் மாட்டக் கூடாது. பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் ஆணி அப்படியே பெயர்ந்து வந்துவிடும். இரண்டு கொக்கி, இரண்டு திருகாணி, பிளக் எல்லாவற்றையும் பொட்டலமாகக் கட்டிப் படத்தோடு கொடுங்கள். இன்னும் பெரிய படம் என்றால் அக்ரிலிக் போடலாம், கண்ணாடியின் பாதி எடைதான். கீறல் விழும், துணியால் தேய்த்தால் தூசியை இழுக்கும். பேஸ்டல், கரி ஓவியங்களுக்குப் போட்டால் பொடியை உறிஞ்சிக்கொள்ளும், அவற்றுக்கு வேண்டாம்.

பிரேமின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொட்டு ஒட்டிவிடுங்கள். சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று ஓடும், மழைக்காலத்தில் சுவர் ஈரம் பின் அட்டைக்கு ஏறாது. கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடைக்கச் சொல்லுங்கள், கண்ணாடிமேல் நேராகத் தெளித்தால் கீழ் விளிம்பு வழியாக உள்ளே போகும்.

கடைசியாக, வாங்க வராத படங்கள். எல்லாக் கடையிலும் இருக்கும். பாதிப் பணம் முன்பணமாக வாங்கினால் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். ரசீதிலேயே எத்தனை மாதத்துக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அச்சிட்டுவிடுங்கள், நடுவில் போன் செய்து நினைவூட்டுங்கள். கெடு முடிந்த பிறகு பிரேமைப் பிரித்துப் பீடிங்கையும் கண்ணாடியையும் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவோ வீசவோ நமக்கு உரிமை இல்லை. ரசீது எண் எழுதிய கவரில் போட்டு எடுத்து வையுங்கள். வெகுநாள் கழித்து யாராவது வந்து கேட்டால் புதுப் பிரேமுக்கு அன்றைய விலையை வாங்கிக்கொள்ளுங்கள். படத்தை வைத்திருந்ததற்கு வாடகை கேட்காதீர்கள்.